கொழிஞ்சாம்பாறை ரோலர் ஹாக்கி வகுப்பு: கால் பயிற்சிக்குப் போகலாம், சக்கரத்தைப் பார்த்து வாங்குங்கள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பாலக்காடு போகிற வழியில், கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு தகர ஷெட். போர்டு கிடையாது. சனி, ஞாயிறு காலையில் இன்லைன் ஸ்கேட் (சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ளது) மாட்டி ஹாக்கி சொல்லித் தருகிறார்கள். ஸ்கேட், ஸ்டிக், ஹெல்மெட் வாடகைக்கு அங்கேயே உண்டு. தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு.

தரை அருமை. மெஷின் போட்டு வழவழப்பாகத் தேய்த்த சிமெண்ட், பள்ளம் மேடு இல்லை. ஆனால் வாடகை ஸ்கேட்டில் பெரும்பாலும் 84ஏ சக்கரம். இந்த எண் கடினத்தைக் காட்டுவது, எண் குறைந்தால் சக்கரம் மென்மை. அது தார் ரோட்டுக்கானது. இந்தத் தரையில் திரும்பும்போது வழுக்கும். பிள்ளை தனக்குத்தான் பேலன்ஸ் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். 76ஏ கேளுங்கள், எண் சக்கரத்தின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். ஆடிக் காற்று கணவாய் வழியாக அடிக்கிற நாளில் மண் வந்து படிந்துவிடும். வெறும் துடைப்பத்தால் பெருக்கினால் போதாது, ஈரத்துணி போட்டுத் துடைத்துக் காயவிட்டால்தான் பிடிப்பு கிடைக்கும்.

சக்கரத்தின் உள்பக்கம்தான் முதலில் தேயும். முன்னாலிருந்து எண்ணி 1-ஐயும் 3-ஐயும், 2-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட வேண்டும். அங்கே இருக்கிற பையன் இதை ஒழுங்காகச் செய்கிறான். முன்னால் சின்னது, பின்னால் பெரியது என்று இரண்டு அளவுச் சக்கரம் உள்ள ஸ்கேட்டில் மட்டும் ஒரே அளவுக்குள்தான் மாற்ற முடியும். பேரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள், அதைத் தடுத்துவிடுங்கள். மார்கழிக் குளிரில் உறைந்துபோகும், மற்ற நாளில் தூசியைப் பிடித்துப் பிசினாகும். மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, நன்றாகக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும்.

முழங்கால் காப்பு இன்னொரு குறை. அவர்கள் தருவது புல்தரை ஹாக்கியின் ஷின் கார்டு, முழங்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும். புதிதாக ஓடுகிறவன் விழுவது முழங்காலில்தான். தனியாக ஒரு நீ-கேப் வாங்கிக்கொண்டு போங்கள். ஸ்டிக் அளவு எடுக்கும்போது ஸ்கேட் மாட்டி நிற்க வேண்டும். நுனி தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும்.

இந்த வகுப்பைத் தேடிப் போகக் காரணம் கடைசி அரைமணி நேரம். நூறு வருஷத்துக்கு முந்தைய ஐஸ் ஹாக்கி விதியில் ஆட விடுகிறார்கள்: முன்னால் நிற்பவனுக்குப் பந்து தரக்கூடாது, பக்கத்திலோ பின்னாலோதான் தள்ளலாம். பக்கத்தில் அந்தக் கால கனடா ஐஸ் ஹாக்கி வீரர் சைக்ளோன் டெய்லரின் படம் ஒட்டிய சார்ட். பொருத்தமான ஆள்தான். அந்த விதியில் பந்தைக் கொண்டுபோகிறவனின் கால்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும், டெய்லரின் சொத்தே வேகம். அந்தக் காலத்தில் பெரிய ஐஸ் மைதானத்தில் ஒரு அணிக்கு ஏழு பேர், ஆள் மாற்றுவது அபூர்வம், ரோவர் என்று ஒருவன் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருப்பான். கனடாவின் ஒட்டாவா அணியில் கவர் பாயிண்ட் என்ற தடுப்பு இடத்தில் ஆடிய டெய்லர், பிறகு வான்கூவர் அணியில் ரோவராக ஆடினார்.

ஷெட் சின்னது என்பதால் இங்கே பாதிப் பலன்தான். ஏழுக்கு ஏழு விட்டால் நெரிசல். நாலு தள்ளு தள்ளுவதற்குள் சுவர் வந்துவிடும், வேகம் பிடிக்க இடமில்லை. ரோவரோடு சேர்த்து நாலுக்கு நாலு ஆடச் சொல்லிக் கேளுங்கள், ஒத்துக்கொள்கிறார்கள். பந்துக்குப் பதிலாக பக் என்ற தட்டை வட்டைக் கேட்காதீர்கள், ஐஸ் ஹாக்கியின் 3 அங்குல ரப்பர் பக் சிமெண்டில் நகராது, அடியில் பிளாஸ்டிக் குமிழ் வைத்த ரோலர் பக்கோ சீக்கிரம் தேயும். அவர்கள் தரும் பந்தே தேவலை.

சார்ட்டில் ஒரு தப்பு. டெய்லரை என்எச்எல் (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) வீரர் என்று எழுதியிருக்கிறார்கள். என்எச்எல் 1917-இல்தான் தொடங்கியது, அவர் அதில் ஆடியதே இல்லை. முதல் முழுநேரத் தொழில்முறை லீக்கில் மிச்சிகனின் போர்ட்டேஜ் லேக்ஸ் அணிக்கு ஆடி, 1909-இல் ஒட்டாவாவோடு ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பை வென்றார். அடுத்த சீசனில் ரென்ஃப்ரூ என்ற சிற்றூர் அணி 12 ஆட்டத்துக்கு 5,250 டாலர் கொடுத்து இழுத்தது. பிறகு வான்கூவர், 1915-இல் மறுபடியும் கோப்பை.

சார்ட்டில் விட்டுப்போன இன்னொன்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். வான்கூவரில் டெய்லரின் வேலை குடியேற்றத் துறை. 1914-இல் இந்தியர்களை ஏற்றிவந்த கோமகாட்டா மாரு கப்பலைக் கரையிறங்க விடாமல் நிறுத்தியபோது, அதில் ஏறிய முதல் அதிகாரிகளில் அவரும் ஒருவர். வீரம் மட்டும் எழுதி இதை விடுவது அரைகுறைச் சரித்திரம்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட, ஸ்கேட்டில் ஏற்கனவே நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வகுப்பு சரி. ஹாக்கி ஸ்கேட்டில் குதிகால் பிரேக் கிடையாது, அதனால் ஒரு காலைப் பின்னால் குறுக்கே இழுத்து நிறுத்தும் டி-ஸ்டாப்பை வீட்டு முற்றத்திலேயே பழக்கிவிட்டுக் கூட்டிப் போங்கள். ஆனி, ஆடியில் தகரக் கூரையில் மழை அடித்தால் சொல்லித்தருவது காதில் விழாது. தை, மாசி தோது.