லூக்கா நற்செய்தி, பெரிய எழுத்து, 20 ரூபாய்: ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்த பிறகு

2024 கிறிஸ்துமஸுக்கு 25 பிரதி வாங்கினேன். ஒன்று என் தையல் மிஷின் டிராயரில் இருக்கிறது. மீதி எல்லாம் சென்னையில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் தெரிந்தவர்கள் வீடுகளில். இந்த வருஷமும் வாங்கப் போகிறேன். கேக்கோடும் குல்குல்லோடும் தங்கள் விசுவாசத்தையும் கொஞ்சம் பகிர்ந்துகொள்ள ஆசைப்பட்டு, எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று தயங்குகிறவர்கள் என் சபையிலேயே நிறைய பேர். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புத்தகம் நோட்டுப் புத்தகத்தில் பாதி அளவு, 96 பக்கம். லூக்கா நற்செய்தி மட்டும்தான், வேதாகமத்தில் இயேசுவின் கதையைச் சொல்கிற நான்கு புத்தகங்களில் ஒன்று. முன்னால் நாலு வரி முன்னுரை, கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருள், பின்னட்டையில் "அன்புடன்" என்று அச்சிட்டுக் கீழே எழுத ஒரு கோடு. சின்ன எழுத்து 10 ரூபாய், பெரிய எழுத்து 20. பூங்கா நகர், வேப்பேரி பக்கத்துக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இதே அமைப்பில் வேறு வேறு பேர் வெளியிடுகிறார்கள் என்பதால் யாருடையது என்று நான் குறிப்பிடவில்லை.

இதை ஏன் தேடிப் போனேன் என்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது இந்துக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தேன். என் அக்கா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. எங்கள் அம்மா தவறினபோதுதான் மறுபடியும் பேச்சு வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்கா வீட்டுக்குப் பலகாரம் போகும். ஒரு வருஷம் ஆர்வத்தில், கேக் டப்பாவுக்குள் ஒரு சுவிசேஷத் துண்டுப் பிரசுரத்தையும் வைத்து அனுப்பினேன். கடையில் கட்டாக விற்றது, உள்ளே என்ன இருக்கிறது என்று நான் முழுவதும் வாசிக்கவில்லை. அட்டையிலேயே, இன்றிரவு நீ இறந்தால் எங்கே போவாய் என்று கேட்டிருந்தது. அப்போது அக்கா வீட்டு மாமா நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே அந்தத் தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது. அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் இந்தப் புத்தகத்தில் எனக்கு முதலில் பிடித்தது, அதில் இல்லாத விஷயங்கள். பயமுறுத்தும் கேள்வி இல்லை. கடைசியில் பெயர், விலாசம், இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்ற "தீர்மானம்" எல்லாம் நிரப்பி வெட்டி அனுப்பும் படிவம் இல்லை. வாங்கினவரை யாரும் மூலையில் நிறுத்தவில்லை. இயேசுவின் கதையை லூக்கா எழுதினபடி எழுதி, விட்டுவிட்டார்கள். படிக்கிறவர் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், எங்கே வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

இன்னொரு வசதி கணக்கில் இருக்கிறது. லூக்காவுக்கு 24 அதிகாரம். டிசம்பர் 1ஆம் தேதி ஆரம்பித்து நாளுக்கு ஒன்றாகப் படித்தால் 24ஆம் தேதி ராத்திரி முடிந்துவிடும். 2024 டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் ஃபெஞ்சல் புயல் மழை, தெருவில் தண்ணீர் வடியவில்லை. ஆராதனை முடிந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் பையில் புத்தகங்களோடு வீடு வீடாகப் போனேன்.

தமிழ் பற்றி. கடைகளில் இரண்டு மொழிபெயர்ப்பிலும் கிடைக்கிறது. ஒன்று நம் சபைகளில் வாசிக்கிற பழைய திருப்புதல், 1871இலிருந்து இருப்பது. இன்னொன்று கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. எனக்கு வேதம் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது என் மாமியார். ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு பழைய தமிழில் அவர் ராகமாகப் படிப்பது இன்னும் என் காதில் இருக்கிறது. "முன்னணை" என்று அவர் சொன்னால் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த வார்த்தையை என் அக்காவிடம் சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? பொது மொழிபெயர்ப்பில் அது "தீவனத் தொட்டி". மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்த எங்களுக்கு அது என்ன என்று தெரியும், அதன் நாற்றம்கூடத் தெரியும். இரட்சகர் அங்கே மீட்பர். இயேசுவின் தாய் மரியாள் பிள்ளையைக் "கிடத்தினாள்" என்று பழையதில் இருப்பது, புதியதில் "கிடத்தினார்". கிறிஸ்தவர் அல்லாத வீட்டுக்கு வாங்குகிறவர்கள் 1995 மொழிபெயர்ப்பையே கேட்டு வாங்குங்கள். சபைக்குள் கொடுப்பதற்குப் பழையது போதும்.

கடையில் ஒரு பெரியவர், நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். தமிழில் புதிய ஏற்பாடு 1715இலேயே தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனரி அச்சிட்டார், இந்திய மொழிகளில் அதுதான் முதல் என்றார். பிறகு ஃபப்ரிசியஸ் என்ற இன்னொரு மிஷனரி இதே வேப்பேரியில் உட்கார்ந்து வருஷக்கணக்காகத் திருத்தி, 1772இல் புதிதாக அச்சாச்சு என்றார். "ஒவ்வொரு தலைமுறைக்கும் ஜனங்க பேசற தமிழ்ல திரும்ப எழுதிக்கிட்டேதான் வந்திருக்காங்கம்மா, நீங்க எது புரியுமோ அதக் குடுங்க." என் தயக்கம் அதோடு போயிற்று.

இப்போது குறை. தையல்காரியாக என்னால் சொல்லாமல் இருக்க முடியாது: கட்டு சரியில்லை. நடுமடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின், அவ்வளவுதான். கல்மண்டபத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கடல் காற்று நேராக வரும். நவம்பரில் வாங்கி அலமாரியில் வைத்ததில், மூன்றே வாரத்தில் பின்னைச் சுற்றிக் காவி நிறத்தில் துரு. நடுத்தாள் பிரிய ஆரம்பித்துவிட்டது. இருபது ரூபாய்ப் புத்தகம்தானே என்று கொடுத்துவிட மனம் வரவில்லை. பின்னைக் கழற்றிவிட்டு, பழைய கணக்கு நோட்டு தைப்பதுபோல மடிப்பில் மூன்று துளை போட்டு, தடித்த நூலுக்கு மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்து, 25ஐயும் கையாலேயே தைத்தேன். டிசம்பர் ரவிக்கைகள் குவிந்து கிடந்த நேரம், இரண்டு ராத்திரி போயிற்று. யாருக்குப் போகிற புத்தகமோ அவர் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டே தைத்தேன். அந்த இரண்டு ராத்திரிகளுக்காக நான் வருத்தப்படவில்லை. ஆனாலும் வெளியிடுகிறவர்கள் நூல் தையல் போட்டால் ஐந்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்க நாங்கள் தயார்.

அட்டைப் படமும் எனக்கு ஒப்பவில்லை. பனி மூடின ஊசியிலை மரம், வெள்ளைக்காரக் குழந்தை. இது வேறு யாருடைய சாமியோ என்று பார்க்கிறவர் நினைத்துவிடுகிறார். ஒரு அகல் விளக்கு போட்டிருந்தால் போதும்.

கொடுத்ததில் மூன்று வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

மாடி வீட்டு அக்கா முஸ்லிம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மிஷினையும் துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு நாங்கள் ஏறினது அவர்கள் வீட்டுக்குத்தான். மூன்று ராத்திரி அவர்கள் கட்டிலில் என் மாமியார் படுத்தார். அடுத்த வருஷம் புத்தகத்தை நீட்டினபோது, "அன்னிக்கு நீங்க எடம் குடுத்தீங்க. எடம் கெடைக்காம ஒரு தாய் கஷ்டப்பட்ட கதை இதுல இருக்குதுக்கா" என்றேன். அவர் சிரித்து, "மர்யம் அம்மாவத் தெரியாதா எனக்கு? குர்ஆன்ல அவங்க பேர்லயே ஒரு சூரா இருக்குதும்மா" என்றார். பிரசவ வலியில் பேரீச்ச மரத்தடியில் அவர் ஒதுங்கினதாக அதில் வருகிறதாம், எனக்கு அழகாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். பிறகு அவர், இயேசுவை நீங்கள் யாரென்று நம்புகிறீர்கள் என்று கேட்டார். நான் நம்புவதை மறைக்காமல் சொன்னேன். கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல இயேசுவின் சீஷர் பேதுரு எழுதியிருக்கிறாரே, அந்த வணக்கம் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அவர் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தை முத்தமிட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

எதிர் வீட்டு அண்ணன் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். டிசம்பரில் வாங்கி டிவி மேல் வைத்தவர் திறக்கவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஏப்ரல் 15 வந்தது, தடைக்காலம், 61 நாள் கடலுக்குப் போக முடியாது. மே மாதம் ஒருநாள் வாசலில் கூப்பிட்டார். இயேசு மீனவர்களைக் கூப்பிடுகிற ஐந்தாம் அதிகாரத்தில் விரல் வைத்திருந்தார். "வலை அலசிக்கினு இருந்தாங்கன்னு போட்டுருக்குது பாரும்மா. எழுதினவருக்குத் தொழில் தெரிஞ்சிருக்குது." லூக்கா வைத்தியர் அண்ணே, கடலோடி இல்லை என்றேன். "அப்ப கடல்காரங்ககிட்ட ஒக்காந்து கேட்டு எழுதியிருக்காரு" என்றார். முதல் அதிகாரத்து முதல் நாலு வசனத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணால் கண்டவர்கள் சொன்னதை விசாரித்து எழுதுகிறேன் என்று லூக்காவே சொல்கிற இடம். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு கேட்டார்: "ராப்பூரா ஒண்ணும் கெடைக்கல. காலைல படகு முழுவுற அளவு மீனு. அத்தினியும் கரைல வுட்டுட்டு எப்டிம்மா அவுரு பின்னால போனாங்க?" இருபது வருஷம் சபைக்குப் போகிறவள் நான், அந்தக் கேள்வியை இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் அக்காவை இழந்த அந்த இரண்டு வருஷத்தையும், அப்படியிருந்தும் ஏன் திரும்பிப் போகவில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். பேசிமுடிக்கும்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

மூன்றாவது என் அக்கா. டப்பாவுக்குள் வைக்கவில்லை. கையில் கொடுத்து, "இது பழைய தாள் மாதிரி இல்லக்கா, கதைதான். புடிக்கலன்னா வெச்சிடு. அன்னிக்கு அத வெச்சது என் தப்பு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். டிசம்பர் 2ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்குப் போன் வந்தது. "ஏண்டி, நெறமாசப் பொண்ணுக்கு எடமில்லன்னு சொல்ற ஊரும் ஒரு ஊரா?" இரண்டாம் அதிகாரம் படித்திருக்கிறாள். அதற்கப்புறம் அநேகமாக ஒவ்வொரு ராத்திரியும் போன். மகன் செத்துப்போன நாயீன் ஊர் விதவைக்காக அழுதாள். சொத்தை அழித்துத் திரும்பின ஊதாரிப் பிள்ளைக்கு அப்பா விருந்து வைத்ததால் அண்ணன் கோபப்பட்டது நியாயம்தான் என்று சண்டை போட்டாள். மார்த்தாளுக்கு ஒத்தாசையாக அவள் சகோதரி மரியாள் ரெண்டு பாத்திரமாவது கழுவியிருக்கலாம் என்றாள். நான் பதில் சொன்னதைவிடக் கேட்டதுதான் அதிகம்.

25ஆம் தேதி மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகி முதல்முறையாகக் கிறிஸ்துமஸ் அன்று வந்தாள். இலை போட்டு நான் பரிமாறும்போது, "கூடவே நடந்து வந்தவரு யாருன்னு, அப்பத்தப் பிட்டுக் குடுக்கச்சொல்லத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுதாமே" என்றாள். கடைசி அதிகாரம், எம்மாவு ஊர், உயிர்த்தெழுந்த இயேசுவை இரண்டு சீஷர்கள் அடையாளம் கண்டுகொண்ட இடம். நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். அக்கா இன்றைக்கும் வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறாள். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை, அவளுக்காக ஜெபிப்பதை நிறுத்துவதும் இல்லை. இரண்டும் அவளுக்குத் தெரியும்.

கொடுக்கிறவர்களுக்கு இரண்டு யோசனை. முதல் அதிகாரம் 80 வசனம், நீளம். புதிதாகப் படிக்கிறவர் அங்கேயே களைத்துப்போகிறார். அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டு, மூன்றாம் அதிகாரத்து வம்ச அட்டவணையைத் தாண்டிவிடச் சொல்லுங்கள். அருஞ்சொற்பொருள் கடைசிப் பக்கத்தில் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. சமாரியர், பரிசேயர், தெனாரியம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. கொடுக்கும்போதே திறந்து காட்டிவிடுங்கள்.

டிசம்பர் பத்து தாண்டினால் பெரிய எழுத்து தீர்ந்துவிடுகிறது, சின்ன எழுத்தைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அதை மூடிவைத்துவிடுவார்கள், வாங்காதீர்கள். நவம்பர் கடைசி வாரம் ஒரு வேலை நாளில் போனால் கூட்டம் இருக்காது, பிரித்துப் பார்த்து வாங்க விடுவார்கள்.

நான் இந்த வாரம் போகிறேன். இந்தத் தடவை 30. நூலும் மெழுகும் எடுத்து வைத்துவிட்டேன். அதில் ஒன்று அக்காவின் சம்பந்தியம்மாவுக்கு. அக்காதான் கேட்டாள், "நல்லா தச்சுக் குடு, அவங்க கண்ணாடி போட்டுக்கினு டெய்லி எதனா படிப்பாங்க" என்று.