ஃபுட் பேங்குக்கு எது குடுக்கலாம்: பருப்பா, டின் கொண்டைக்கடலையா?

டொரன்டோல ஃபுட் பேங்க் (கஷ்டப்படறவங்களுக்கு இலவசமா மளிகை சாமான் குடுக்கற இடம்) பெட்டில போட நிறைய பேர் நூடுல்ஸ் பாக்கெட்டத்தான் தூக்குறாங்க, உப்பு எக்கச்சக்கம் சத்து கம்மி, தயவுசெஞ்சு அத விடுங்க.

விலை: மைசூர் பருப்பு ஒரு பை பல வேளைக்கு வரும். டின் ஒரு வேளைலயே காலி.

சத்து: காஞ்ச பருப்பு 100 கிராம்ல புரோட்டீனே 24 கிராம் கிட்ட, உப்பு சேர்க்கறதில்ல. டின் கடலையும் நல்லதுதான் ஆனா பெரும்பாலும் உப்புத் தண்ணில கெடக்கும், உப்பு சேர்க்காததான்னு லேபிள் பாத்து எடுங்க, இல்லன்னா வடிச்சு அலசினா நல்லாவே குறையும்.

சமையல்: பருப்புக்கு அடுப்பு, நேரம் வேணும். ரூம்ல மைக்ரோவேவ் மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு டின்தான், அதுவும் மூடில வளையம் இருக்கறது, ஓப்பனர் தேவையில்ல.

குடும்பங்க அதிகம் வர்ற இடம்னா பருப்பு, ஸ்டூடன்ட்ஸ் வர்ற இடம்னா டின்.