வேலையில் ஒட்டாத ஊழியரை அனுப்புவது: உடனே நிறுத்தலா, விலகல் கடிதமா, விசாரணையா?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கடை வைத்திருப்பவரோ பக்கத்துத் திருநெல்வேலியில் மருந்தகம் நடத்துபவரோ, யாரோடு கதைத்தாலும் இப்படி ஒரு ஊழியரைப் பற்றிச் சொல்வார்கள்: களவு இல்லை, லீவும் அதிகமில்லை, ஆனால் வந்த சனத்துக்கு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார், ஒரு வேலை சொன்னால் "அது என்ர வேலை இல்லை" என்பார், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் அவரைப் பார்த்து அப்படியே ஆகிவிடுகிறார்கள். அவரை அனுப்ப இங்கே மூன்று வழிகள்தான் நடைமுறையில் இருக்கின்றன.

"தம்பி, நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று கணக்கை முடித்து அனுப்புவதுதான் வேகமான வழி. ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. இலங்கையின் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி அவர் 6 மாதத்துக்குள், வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம், கடையில் மொத்தமே இரண்டு பேர்தான் என்றாலும். நிறுத்தியது நியாயம்தான் என்று அங்கே காட்டவேண்டியவர் முதலாளி. "ஆள் சரியில்லை" என்பதைத் தவிர கையில் எதுவும் இல்லையென்றால் திரும்ப வேலை கொடு என்றோ நட்டஈடு கொடு என்றோ உத்தரவு வரலாம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால் வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்: ஒழுக்காற்று நடவடிக்கையாக நிறுத்தினால், நிறுத்திய பின் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, விலகல் கடிதம் எழுதி வாங்குவது. இங்கே பலரை மாமாவோ கோயில் நிர்வாகத்திலுள்ள ஐயாவோ சொல்லித்தான் வேலைக்குச் சேர்த்திருப்பார்கள், அதனால் யாருடைய மானமும் போகாமல் முடிய இதுதான் நல்லது என்று நினைக்கிறார்கள். இருவரும் மனமொத்துப் பேசி, கொடுக்கவேண்டியதைக் கொடுத்துப் பிரிந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அறைக்குள் கூப்பிட்டு, முதலாளி சொல்லச் சொல்ல எழுத வைத்துக் கையெழுத்து வாங்குவதுதான் மூன்றிலும் மோசமானது. அது வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபணமானால் வேலைநீக்கமாகவே கருதப்படும், அப்போது காரணத்தைச் சொல்லும் கடிதம் ஒன்றுகூட முதலாளியிடம் இருக்காது. சட்டத்தை விட்டாலும், ஒருவரைப் பயப்படுத்தி எழுத வைப்பது அநியாயம்.

மூன்றாவது வழிக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், ஆனாலும் என் தெரிவு இதுதான். எச்சரிக்கைக் கடிதம், அவருடைய விளக்கம், திருந்துவதற்குக் காலம், அப்படியும் நடக்கவில்லையென்றால் குற்றச்சாட்டுகளை எழுதிக் கொடுத்து ஓர் உள்ளக விசாரணை, அதன் பிறகு முடிவு. முறைப்பாடு செய்தவரே விசாரணையும் நடத்தக்கூடாது. பலர் பிழை விடுவது கடிதத்தில்தான். "உமது மனப்பாங்கு சரியில்லை" என்று எழுதினால் யாருக்கும் விளங்காது, அவருக்கும் எதைத் திருத்துவதென்று தெரியாது. எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, மருந்துச் சீட்டோடு வந்த அம்மாவிடம் என்ன சொன்னார், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எழுதவேண்டும், அதுவும் அவருக்கு விளங்குகிற தமிழில். அப்படி எழுத உட்காரும்போதுதான் சில முதலாளிமாருக்கு எழுத ஒன்றுமே இல்லை என்பது தெரியவரும், அதாவது ஆளைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். முதல் கடிதத்தோடு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள், வீட்டில் நோயாளி இருப்பதையோ மேற்பார்வையாளர் தரக்குறைவாகப் பேசியதையோ அந்த விளக்கத்தில்தான் முதன்முறையாகச் சொல்வார்கள்.

தகுதிகாண் காலத்தில் இருப்பவர் என்றால் முதலாளிக்குக் கொஞ்சம் கூடுதல் சுதந்திரம் உண்டு. அந்தக் காலம் முடிவதற்குள்ளேயே கதைத்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும், "நாங்கள்தானே நிறுத்தினோம், அவருக்கு ஒன்றும் இல்லை" என்று பணத்தைப் பிடித்து வைக்கவேண்டாம். ஊழியர் சேமலாப நிதியில் முதலாளி கட்டிய 12 வீதமும் அவருடைய 8 வீதமும் அவருடைய காசு. 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் 30 நாளுக்குள் பணிக்கொடை கொடுக்கவேண்டும். மோசடி, கையாடல், வேண்டுமென்றே சொத்தைச் சேதப்படுத்துவது போன்ற காரணங்களுக்காக நிறுத்தப்பட்டால்தான் அதில் கைவைக்கலாம், அதுவும் வந்த நட்டத்தின் அளவுக்கு மட்டும். முகத்தைச் சுளித்தது அந்தப் பட்டியலில் இல்லை.