இண்டிகோ: காதலுக்குக் குறுக்கே சட்டம், நிறம், சொத்து

பெவர்லி ஜென்கின்ஸின் 'இண்டிகோ' 1996இல் வந்த ஆங்கில நாவல். களம், 1850களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். அடிமையாகப் பிறந்து, அடிமைமுறை இல்லாத வடக்குக்குச் சிறுவயதிலேயே வந்துசேர்ந்த ஹெஸ்டர் வயட், தெற்கிலிருந்து தப்பி வரும் அடிமைகளைத் தன் வீட்டில் ஒளித்துவைக்கிறாள். அப்படி ஒளித்துவைக்கச் சொல்லி, குற்றுயிராக ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். 'பிளாக் டேனியல்' என்ற பெயரில் பலரை மீட்டுவந்தவன். உண்மையில் அவன் கேலன் வஷான், நியூ ஆர்லியன்ஸின் பெரும் பணக்காரக் கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை.

அவனை உள்ளே விடுவதே எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பியனுப்ப 1850ஆம் ஆண்டு வந்த சட்டத்தைத் தெரிந்துகொண்டால்தான் உறைக்கும். தப்பியவருக்கு இடம் கொடுத்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது, ஜூரியும் கிடையாது. அவரை எஜமானனிடம் திருப்பியனுப்பத் தீர்ப்பளிக்கும் ஆணையருக்குக் கூலி 10 டாலர். விடுவித்தால் 5 டாலர்தான்!

நாவலின் உயிர் ஹெஸ்டரின் கைகளில் இருக்கிறது. சின்ன வயதில் தோட்டத்தில் அவுரி (இண்டிகோ) சாயத்தில் உழைத்ததால் ஏறிய நீலம் அவளை விட்டுப் போகவில்லை. கேலனின் உறவினர்களோ வெளிர்நிறத்தையும் பிரெஞ்சுப் படிப்பையும் சொத்தையும் வைத்து ஆளை எடைபோடுபவர்கள். காதலுக்கு வெள்ளையர் சட்டம் மட்டுமல்ல, கறுப்பினத்தவருக்குள்ளேயே இருந்த மேல்தட்டும் தடை என்று காட்டியதுதான் ஜென்கின்ஸின் பலம். நியூ ஆர்லியன்ஸின் சுதந்திரக் கறுப்பினத்தவரில் சிலர் தாங்களே அடிமைகளை வைத்திருந்தார்கள் என்ற வரலாற்றையும் சேர்த்துப் படித்தால், ஹெஸ்டரின் தயக்கம் வெறும் கூச்சமாகத் தெரியாது.

ஹெஸ்டரின் தந்தை சுதந்திர மனிதர். காதலித்தவளுக்காகத் தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டவர். தாயின் நிலையே பிள்ளைக்கும் என்பது வர்ஜீனியா 1662இலேயே எழுதிவைத்த விதி. மற்றத் தென்மாநிலங்களிலும் அதுவே வழக்கம். ஆகவே தந்தையின் சுதந்திரம் மகளைக் காப்பாற்றவில்லை. இந்தப் பகுதி நெஞ்சை அடைக்கிறது.

பிற்பாதி அந்த அளவுக்கு நிற்கவில்லை. கேலனின் பணம் வேகமாகச் சிக்கல்களை அவிழ்த்துவிடுகிறது. பரிசுகள் குவியக் குவிய வர்க்கக் கேள்வி மங்குகிறது. சில உரையாடல்கள் வரலாற்றுப் பாடமாக நீளுகின்றன. தப்பியவர்களுக்கு உதவும் கூட்டத்துக்குள் துரோகி யார் என்ற இழையையும் இன்னும் இறுக்கியிருக்கலாம். படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையானவை, ஆகவே பெரியவர்களுக்கான நூல் இது. ஆங்கிலம் எளிமைதான்.