அம்பாசிடருக்கு அரியமங்கலத்தில் ஒரு பட்டறை

பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள், பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் அடிக்கடி கறுத்துப்போகிறது என்றால், திருச்சி அரியமங்கலம் பக்கம் தஞ்சாவூர் சாலையை ஒட்டிய சந்தில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் இந்தப் பட்டறைக்குத் தாராளமாக வண்டியைக் கொண்டுபோகலாம். பிளக் ஏன் கறுத்தது என்று தெரியாமல் புதுப் பிளக் மாட்ட இவர்கள் சம்மதிப்பதில்லை.

என்னுடையது 1489 சிசி இன்ஜின். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடிலிங்கில் மிஸ்ஸிங் இருக்கும், மேட்டில் புல்லிங் இருக்காது. மற்ற இடங்களில் போனபோதெல்லாம் புதுப் பிளக் செட் போட்டு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடியும் பழைய நிலைமைக்கே வந்துவிடும்.

நெடுநேரம் ஐடிலிங்கில் நின்ற இன்ஜினில் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும் என்று சொன்ன மெக்கானிக், வண்டியைத் தஞ்சாவூர் சாலையில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து இக்னிஷனை அணைத்து ஓரங்கட்டினார். அங்கேயே நான்கு பிளக்குகளையும் கழற்றி, ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வரிசை மாறாமல் ஒரு பழந்துணியின்மேல் வைத்தார். நான்கிலும் விரலால் துடைத்தாலே வந்துவிடும் உலர்ந்த கரி படிந்திருந்தது. மூன்றாவதில் மட்டும் அந்தக் கரியின்மேல் ஈரமான எண்ணெய்ப் பளபளப்பு இருந்தது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரவில்லை. இவை இரண்டு வேறு கோளாறுகள் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்.

பிளக்கின் வெள்ளைப் பீங்கான் முனை ஏறக்குறைய 450 முதல் 500 டிகிரி சூட்டை எட்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு வராதபோதும், பெட்ரோல் கலவை தேவைக்கு அதிகமாக இருக்கும்போதும் கரி தங்கிவிடுகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வேண்டிய மின்சாரம் பீங்கானின் மேலேயே வழிந்து உலோக உடலுக்குப் போய்விடுகிறது. நான்கிலும் ஒரே மாதிரி கரி இருந்தால் குற்றம் நான்குக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும். தேடிப் பார்த்ததில், குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கின் கேபிள் துருப்பிடித்து, குமிழை உள்ளே தள்ளிய பிறகும் கார்புரேட்டரில் பாதி வழியிலேயே நின்றிருந்தது.

எண்ணெய்ச் சிக்கல்தான் நேரம் எடுத்தது. முதலில் ஒன்றாவது, மூன்றாவது பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டுச் சில நாள் ஓட்டிவரச் சொன்னார். எண்ணெய் மறுபடியும் மூன்றாவது சிலிண்டரிலேயே வந்ததால் பிளக்கின்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. பிறகு என்னை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தமான கம்ப்ரெஷனை அளந்தார் (பல இடங்களில் இதைச் சொல்லாமலே அளந்துவிட்டு, அளவு குறைவு என்று பயமுறுத்துவார்கள்). நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டியது. ஒன்றில் குறைந்திருந்தால் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பாராம். அப்போது அளவு ஏறினால் பிஸ்டனைச் சுற்றிய ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். இங்கே ரிங் நன்றாக இருந்தும் எண்ணெய் இறங்கியதாலும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு முறை மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிடுவதாலும், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு வழியாகத்தான் வருகிறது என்று முடிவு செய்தார்.

இந்த இன்ஜினில் வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கும் நட்டுகளில் சில, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆகவே மேலோட்டமாகத் திறந்து வேலையை முடித்துவிட முடியாது. ஹெட்டை இறக்க எனக்கு அப்போது வசதிப்படாவிட்டால் மூன்றாவதில் மட்டும் ஒரு படி சூடான (முனை இன்னும் அதிகச் சூட்டில் நிற்கும்) பிளக் போட்டுச் சில மாதம் சமாளிக்கலாம் என்றும், அதனால் எண்ணெய் இறங்குவது நிற்காது என்றும் அவரே சொன்னார். அப்படி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, சாம்பியன் பிளக்கில் எண் கூடினால் சூடு கூடும், என்ஜிகேயில் எண் கூடினால் சூடு குறையும். நான் ஹெட்டையே இறக்கச் சொன்னேன். கைடுகளும் வால்வுத் தண்டின் ரப்பர் வளையங்களும் மாறின. பழைய வளையங்கள் நகத்தால் அழுத்தினாலே நொறுங்கின.

பிளக்குகளை மணல் அடிக்கும் இயந்திரத்தில் கொடுக்காமல், பெட்ரோலில் ஊறவைத்து நைலான் பிரஷால் தேய்த்துக் காற்றடித்து, ஃபீலர் கேஜ் வைத்து 0.025 அங்குல இடைவெளிக்குத் தட்டிப் பொருத்தினார். பீங்கானைச் சுற்றிய பள்ளத்தில் ஒரு மணல் தங்கினாலும் அது சிலிண்டருக்குள் விழும் என்பது அவர் கணக்கு; எனக்கும் அது சரியாகவே படுகிறது.

குறைகளும் உண்டு. லேத் பட்டறையிலிருந்து ஹெட் திரும்பி வரச் சொன்ன நாளைவிட வெகுநாள் ஆனது, விசாரிக்கக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. கூலி நியாயமானதுதான், ஆனால் முன்கூட்டிச் சொல்லமாட்டார், பில்லும் தரமாட்டார். சந்தில் வண்டி நிறுத்த இடமில்லாததால் காலையிலேயே போய்விடுவது நல்லது. டீசல் அம்பாசிடரை இங்கே எடுப்பதில்லை.