விவசாய வணிகப் பட்டம்: தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கலாமா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் எங்கள் பக்கத்தில் ஒரே பேச்சுதான்: மருத்துவம் கிடைக்கவில்லையா, சரி, டீச்சர் வேலைக்குப் போ. உயிரியல் பிரிவில் படித்த பிள்ளை விவசாயம் என்று வாயெடுத்தால் "மண்வெட்டி பிடிக்கவா இவ்வளவு படிச்சே" என்று வீட்டிலேயே கேட்பார்கள். விவசாய வணிகத்தை நான்கு வருடம் படித்து முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பொருந்துகிற பட்டம் வேறு அதிகம் இல்லை. குறைகளையும் சொல்லத்தான் போகிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விவசாயப் பொருளியலுக்கும் வணிக முகாமைத்துவத்துக்கும் தனித் துறையே உண்டு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ, பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ. அரச பல்கலைக்கழகங்கள், படிப்புக்குக் கட்டணம் கிடையாது. நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற உயர்தரப் புள்ளி) கொஞ்சம் குறைந்தவர்களுக்கும் வழி இருக்கிறது.

என்ன படிப்பிக்கிறார்கள்? மண், பயிர், பூச்சி எல்லாம் உண்டு, ஆனால் எனக்குக் கண் திறந்தது பணம் ஓடும் பாதையைப் படித்தபோதுதான். 2011 கடைசியில் காய்கறியை பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியபோது லொறிக்காரர்களும் வியாபாரிகளும் எதிர்த்து நின்றார்கள், ஞாபகம் இருக்கும். சாக்கில் அமுக்கி ஏற்றுகிற கோவாவும் கரட்டும் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் நசுங்குவது எல்லோருக்கும் தெரியும், அப்புறம் ஏன் எதிர்ப்பு? கூடைக்குக் காசு போடுவது ஒருவர், நசுங்காமல் போவதால் லாபம் இன்னொருவருக்கு. சாக்கைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டுக்கொண்டு திரும்பலாம், வெறுங்கூடை திரும்பி வரும்போதும் லொறியை அடைத்துக்கொள்ளும், ஏற்றும் எடையும் குறையும். இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பழகிய பிறகு கெப்பட்டிப்பொல சந்தையைப் பழைய கண்ணால் பார்க்க முடியாது.

தேயிலையும் அப்படித்தான். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், அது கொழும்பு ஏலத்தில் தரகர் வழியாக விற்பனையாகிறது, 2020 ஏப்ரலில் இருந்து ஏலமே இணையத்தில். இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவின் கொழுந்துக் கணக்கைப் பார்த்தேன். சாக்குக்கும் தண்ணிக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் கழிக்கிற கிலோக்களைக் கூட்டினால் மாத முடிவில் எவ்வளவு தேயிலை ஆகிறது என்று என்னால் எழுதிக் காட்ட முடிந்தது. அம்மா அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த சம்பள நாளில் கிளாக்கரிடம் நேராகவே கேட்டார். அந்தப் பட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான், நம் ஆட்களின் உழைப்பு எந்த இடத்தில் காசாகிறது, எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று தெரிகிறது.

இப்போது குறைகள். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் வருடம் உண்மையிலேயே கஷ்டம், விடுதியில் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். சிங்களமும் பேசப் பழகுங்கள், களவேலைக்குப் போனால் விவசாயிகளிடம் அதில்தான் பேச வேண்டிவரும். தொழிற்பயிற்சி இன்னொரு தலைவலி. என்னைப் போட்ட நிறுவனத்தில் பாதி நாட்கள் பைல் அடுக்க வைத்தார்கள். இடத்தை நீங்களே தேடுங்கள், ஏல வேலை நடக்கிற தரகர் நிறுவனமோ சுப்பர்மார்க்கெட்டின் காய்கறிச் சேகரிப்பு நிலையமோ கிடைத்தால் விடாதீர்கள்.

வேலைகளைப் பற்றிச் சொன்னால், எல்லோரும் முதலில் நினைப்பது சின்னத்துரை உத்தியோகம், அதாவது தோட்டத்தின் உதவி முகாமையாளர் வேலை. நம் தாத்தாமார் கைகட்டி நின்ற நாற்காலியில் நம் பிள்ளை உட்காருவது சின்ன விஷயம் இல்லை, பெண் பிள்ளைகள் அங்கே இன்னும் குறைவு, அவர்களும் போக வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வங்கிகளில் விவசாயக் கடன் பிரிவு, உரம் விதை கம்பனிகள், பால் சேகரிப்பு, ஏற்றுமதி, தேயிலைத் தரகு என்று இடங்கள் இருக்கின்றன. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து அதே வருடம் திரும்பப் பெற்றார்களே, விளைச்சலையும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஏன் வேண்டும் என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. அரச நியமனத்துக்காக மட்டும் காத்திருக்க நினைப்பவர்களிடம் இந்தப் பட்டத்தைப் படி என்று நான் சொல்லமாட்டேன், வருடங்கள் போய்விடும்.

பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போது ஒன்று கவனியுங்கள். ஒரே மாதிரியான பட்டமாக இருந்தாலும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி யுனிகோட் (விண்ணப்பத்தில் எழுதுகிற பாடநெறிக் குறியீடு) உண்டு, அதனால் பேராதனையை மட்டும் எழுதிவிட்டு விடாமல் மற்றவற்றையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.