எத்தனை பாட்டில் ஏத்தினீங்க?

கடலூர், பண்ருட்டிப் பக்கமிருந்து குடல் ஆபரேஷனுக்குப் புதுச்சேரி வரும் குடும்பங்கள் மயக்க டாக்டரான என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை பாட்டில் ஏத்தினீங்க சார்?" என்றுதான். பாட்டில் கூடினால் கவனிப்பும் கூடுதல் என்று ஒரு கணக்கு. அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரைதான், மீதி தண்ணீர்.

தாராளமாக ஏற்றுவது பழைய வழி. ராத்திரியிலிருந்து பட்டினி, வயிற்றைக் கழுவ பேதி மருந்து வேறு. போனதை ஈடுகட்ட வேண்டாமா? நியாயம்தான். ஆனால் மிஞ்சினால் குடல் சுவரே நீர்கோத்து வீங்கும், வயிறு உப்பும், காற்றுப் பிரிய நாளாகும், குடலைச் சேர்த்துத் தைத்த இடம் ஆறத் திணறும். உப்பு இன்னொரு தொல்லை. அரை லிட்டர் நார்மல் சலைனில் 4.5 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனமோ நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்கிறது. ஊறுகாய் தொடாதே என்று சொல்லிவிட்டு நாமே நரம்பில் ஏற்றுகிறோம்! அதனால் நான் உப்பு குறைவான ரிங்கர் லாக்டேட் பாட்டிலின், அதாவது ஆர்.எல். கட்சி.

இறுக்கிப் பிடிப்பது எதிர்வழி. 2003இல் டென்மார்க்கில் பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 172 பேரை வைத்துப் பார்த்தார்கள். வழக்கப்படி ஏற்றியவர்களில் 51 சதவீதம் பேருக்குச் சிக்கல், குறைத்தவர்களில் 33. சரி, இனி சொட்டுச் சொட்டாகத்தான் என்று பலரும் கிளம்பினார்கள். 2018இல் சுமார் 3,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு அந்த வேகத்துக்குக் கடிவாளம் போட்டது: இறுக்கியவர்களில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் அடிவாங்கியது, தாராளமாகக் கொடுத்தவர்களில் 5 சதவீதம்.

இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று கருவியில் பார்த்து, 250 மில்லியாகக் கொடுத்துப் போவது மூன்றாவது வழி. இதயம் பலவீனமானவருக்கு அந்தக் கருவியைக் கட்டாயம் கேட்பேன். எல்லோருக்கும் அந்தச் செலவு வேண்டாம்.

என் கை தாராளத்தின் பக்கம் கொஞ்சம் சாயும்: ஆபரேஷன் முடியும்போது போனதைவிட ஒன்றிரண்டு லிட்டர் கூடுதலாக உடம்பில் நிற்கலாம். அதைவிட முக்கியம், ஆளைக் காயவைத்து அழைத்து வராமல் இருப்பது. சித்திரை வெயிலில் வந்தவருக்கு ராத்திரி முழுக்கத் தண்ணீர் மறுப்பது எதற்கு? வயிற்றில் அடைப்போ வாந்தியோ இல்லையென்றால் மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர், பால் கலக்காத டீ குடிக்கலாம். கஞ்சி கூடாது. அப்புறம் மறுநாள் காலை வாயால் குடிக்க ஆரம்பித்ததும் டிரிப்ஸைக் கழற்றிவிடுவேன்.

அப்போதும் ஒரு அம்மா கேட்டார், "என்ன சார், அதுக்குள்ள நிறுத்திட்டீங்க? காசு கட்டாம விட்டோமா?"